ஒரே பெயர், இரண்டு கிளாஸ்கள்: பண்டில்களுக்கு நடுவே லாகிங் படும் பாடு

சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்துவந்த ஒரு சர்வர் மென்பொருளில், நள்ளிரவுக்கு மேல் ஓடும் கணக்குச் சரிபார்ப்பு வேலை பாதியில் நின்றுபோனது. காரணம் அறிய, மென்பொருள் தான் செய்வதை ஓடும்போதே எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறந்தேன். மற்ற பாகங்களெல்லாம் வரிவரியாக எழுதியிருக்க, சரிபார்ப்பைச் செய்யும் அந்த ஒரு பாகத்திலிருந்து மட்டும் எதுவுமே இல்லை. பிழைச் செய்தி மட்டுமல்ல, வேலை தொடங்கியது என்ற சாதாரணச் செய்திகூட இல்லை. லாக் அளவை, எல்லாவற்றையும் விரிவாக எழுதும் டீபக் நிலைக்கு மாற்றி மீண்டும் ஓட்டினோம், அப்போதும் மௌனம்தான். பழைய லாக் கோப்புகளைப் புரட்டிய பிறகே, அந்தப் பாகம் மென்பொருளில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்தே ஒரு சொல்லும் எழுதியதில்லை என்பது தெரிந்தது. வேலை ஒழுங்காக நடந்த வரையில் அதன் லாக்கை யாரும் தேடவில்லை. எனவே அது இல்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

அந்த மென்பொருள் ஈக்வினாக்ஸ் மேல் ஓடியது. ஈக்வினாக்ஸ் என்பது, ஜாவா மென்பொருளைத் தனித்தனி மாட்யூல்களாகப் பிரித்துக் கட்டும் ஓஎஸ்ஜிஐ என்ற தரத்தின் ஒரு செயலாக்கம். நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸ் தன் 3.0 பதிப்பை 2004இல் வெளியிட்டபோது, தன் பிளகின்களையெல்லாம் அதன் மேல்தான் நிறுத்தியது. ஓஎஸ்ஜிஐயில் ஒவ்வொரு மாட்யூலும் ஒரு பண்டில், அதாவது மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் கூடுதல் விவரங்கள் எழுதப்பட்ட, ஜாவா நிரலைக் கட்டிவைக்கும் ஒரு ஜார் கோப்பு. நான் அந்த மௌனப் பண்டிலின் ஜாரை ஜிப் கோப்பைப் போல விரித்துப் பார்த்தேன். உள்ளே லிப் என்ற ஒரு கோப்புறை. அதற்குள், எஸ்எல்எஃப்4ஜே என்ற லாகிங் நூலகத்தின் ஏபிஐ, அதாவது நிரலர் கூப்பிடும் பகுதி, அடங்கிய ஜார் ஒன்று தனியாக இருந்தது. மேனிஃபெஸ்ட்டில், பண்டில் தனக்குள்ளே நிரலை எங்கே தேடும் என்று சொல்லும் பண்டில்-கிளாஸ்பாத் என்ற வரியில் அந்த ஜாரின் பாதை எழுதப்பட்டிருந்தது. மற்ற பண்டில்களிடமிருந்து என்ன வேண்டும் என்று கேட்கும் இம்போர்ட்-பேக்கேஜ் என்ற வரியிலோ எஸ்எல்எஃப்4ஜேயின் பெயரே இல்லை. எழுதியவர் தன் கணினியில் தொந்தரவில்லாமல் கம்பைல் ஆக வேண்டும் என்பதற்காக அந்த ஜாரைக் கூடவே வைத்து அனுப்பியிருந்தார். மௌனத்துக்கான காரணம் முழுவதும் அந்த இரண்டு வரிகளில் அடங்கியிருந்தது. ஆனால் அது ஏன் காரணமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் கற்றதையும், அதன் பிறகு இதே வகைச் சிக்கல்களில் பலமுறை மாட்டிக்கொண்டு கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

ஜாவா நிரலின் அடிப்படை அலகு கிளாஸ். ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டுமல்ல. அதன் முழுப்பெயரும், அதை நினைவகத்தில் ஏற்றி உருவாக்கிய கிளாஸ்லோடரும் சேர்ந்ததே அடையாளம். ஒரே பைட்கோடை, அதாவது கம்பைல் ஆன நிரலை, இரண்டு கிளாஸ்லோடர்கள் தனித்தனியே ஏற்றினால், ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மின் கண்ணுக்கு அவை இரண்டு வெவ்வேறு கிளாஸ்கள். ஒன்றின் ஆப்ஜெக்ட்டை மற்றதன் வகைக்கு மாற்ற முயன்றால் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். பிழைச் செய்தியில் இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருப்பதைப் பார்த்து, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் திகைத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சாதாரண ஜாவா நிரலில் இந்த நுணுக்கம் தலைகாட்டாது. எல்லா ஜார்களும் ஒரே கிளாஸ்பாத்தில், ஒரே கிளாஸ்லோடரின் கீழ் தட்டையாகக் கிடக்கும். ஏற்கெனவே ஏற்றப்பட்டதையே எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். ஓஎஸ்ஜிஐயில் அப்படியல்ல. ஒவ்வொரு பண்டிலுக்கும் சொந்தமாக ஒரு கிளாஸ்லோடர் உண்டு. அது தன் உள்ளடக்கத்தையும், ஜாவாவின் அடிப்படைப் பேக்கேஜ்களையும் (கிளாஸ்களின் தொகுப்புகளையும்), மேனிஃபெஸ்ட்டில் தான் கேட்டு வாங்கிய பேக்கேஜ்களையும் மட்டுமே பார்க்கும். பக்கத்துப் பண்டிலில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க அதற்கு வழியில்லை. ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் ஒரே ஜேவிஎம்மில் மோதாமல் ஓடுவதற்கு இந்தக் கட்டுப்பாடுதான் காரணம் என்பதால், இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

லாகிங் நூலகங்கள் இந்த உலகத்துக்குள் வரும்போது திணறுவதற்குக் காரணம் அவற்றின் பிறவிக் குணம். லாகிங் இரண்டு பாதிகளாகப் பிரிந்தது: நிரலர் கூப்பிடும் ஏபிஐ ஒரு பாதி, உண்மையில் கோப்பில் எழுதும் செயலாக்கம் மறு பாதி. எந்தச் செயலாக்கம் என்பதை நூலகம் எழுதியவர் தீர்மானிக்கக் கூடாது, முழு மென்பொருளையும் கோத்து அமைப்பவரே தீர்மானிக்க வேண்டும் என்பது நல்ல கொள்கை. ஆனால் அதன்படி ஏபிஐ ஓடும் நேரத்தில் தன் மறு பாதியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இந்த நூலகங்கள் கொடுத்த விடைகள் பெரும்பாலும் தட்டையான கிளாஸ்பாத்தை மனத்தில் வைத்துச் சொன்னவை. என் கருத்தில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இந்தத் தகராறு முழுவதும் தேடலுக்கும் அறிவிப்புக்கும் இடையிலானதே.

தேடலின் உச்சம் என்றால் அது காமன்ஸ் லாகிங். 2002இல் வெளிவந்த அந்த நூலகம், லாக்ஃபேக்டரி என்ற கிளாஸின் வழியே பல இடங்களைத் துழாவும். சிஸ்டம் பிராப்பர்ட்டி இருக்கிறதா, மெட்டா-இன்ஃப் கோப்புறையில் சர்வீஸ் கோப்பு இருக்கிறதா, காமன்ஸ் லாகிங்கின் பெயரில் பிராப்பர்ட்டிஸ் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு லாக்4ஜே என்ற இன்னொரு லாகிங் நூலகம் தென்படுகிறதா என்று பார்க்கும். கடைசியில் ஜாவாவின் சொந்த லாகிங்கில் போய் நிற்கும். இந்தத் துழாவலை அது திரெட் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர் வழியே செய்தது. அது ஜாவா 1.2இல் வந்த வசதி. ஓடும் திரெட்டின் மீது, அதாவது நிரலுக்குள் நடக்கும் ஒரு தனி ஓட்டத்தின் மீது, யாரோ ஒருவர் வைத்துவிட்டுப் போகும் ஒரு கிளாஸ்லோடர். வெப் சர்வரில், செயலிகளை ஓட்டும் கண்டெய்னர் அதை ஒழுங்காக வைக்கும். பண்டில்களுக்கு இடையே ஒரு திரெட் நடந்துபோகும்போது அதில் யாருடைய கிளாஸ்லோடர் இருக்கும் என்பதற்கு ஓஎஸ்ஜிஐயில் பொதுவான உத்தரவாதம் எதுவுமில்லை. ஈக்வினாக்ஸ் இதைச் சமாளிக்க கான்டெக்ஸ்ட்ஃபைண்டர் என்ற ஒன்றை வைத்திருக்கிறது. அது அழைப்பு அடுக்கில் மேலிருந்து கீழே நடந்து, முதலில் தென்படும் பண்டிலின் கிளாஸ்லோடரைப் பிடித்துக் கொடுக்கும். இது புத்திசாலித்தனமான ஒட்டுவேலை என்றாலும் ஒட்டுவேலைதான்.

காமன்ஸ் லாகிங்கின் ஏபிஐ ஒரு கிளாஸ்லோடரிலிருந்தும், திரெட்டின் வழியே கண்டெடுத்த செயலாக்கம் இன்னொன்றிலிருந்தும் வந்தால் என்ன ஆகும்? அந்தச் செயலாக்கம் லாக் என்ற இன்டர்ஃபேஸை (என்னென்ன அழைப்புகள் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை) நிறைவேற்றுகிறது, ஆனால் அது வேறொரு லாக். அப்போது நூலகம் வீசும் எக்ஸெப்ஷன், கிளாஸ்லோடர் அடுக்கு செல்லாதது என்றும், லாக் இன்டர்ஃபேஸின் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் தெரிகின்றன, இது அனுமதிக்கப்படாது என்றும் சொல்லும். நேர்மையான செய்திதான். ஆனால் லாக் எழுதப் போன இடத்தில் மென்பொருளே நின்றுவிடும். இதைவிடப் பொல்லாதது நினைவகக் கசிவு. ஒவ்வொரு கிளாஸ்லோடருக்கும் லாகர்களை உருவாக்கும் ஒரு ஃபேக்டரி என்று தனக்குள் அட்டவணை வைத்திருந்ததால், வெப் செயலியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றும்போது பழைய கிளாஸ்லோடர் முழுவதும் விடுபடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். 2006இல் வந்த 1.1 பதிப்புதான், பயன்படாததை விடுவிக்கத் தடையாக இல்லாத பலவீனக் குறிப்புகளைக் கொண்ட அட்டவணையால் இதை ஓரளவு சரிசெய்தது.

லாக்4ஜேயைத் தொடங்கிய செக்கி குல்ச்சு, காமன்ஸ் லாகிங்கின் இந்தக் கிளாஸ்லோடர் கோளாறுகளை வகைபிரித்து எழுதியவர். அவரே பிறகு எஸ்எல்எஃப்4ஜேயையும், அதற்கான செயலாக்கமான லாக்பேக்கையும் உருவாக்கினார். எஸ்எல்எஃப்4ஜேயின் 1.x பதிப்புகள் தேடலை ஒரேயடியாகக் கைவிட்டன. ஏபிஐயின் நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்லாகர்பைண்டர் என்ற ஒரு கிளாஸின் பெயர் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். கம்பைல் செய்வதற்காக அதன் போலி ஒன்றை வைத்துக்கொண்டு, ஜார் கட்டும்போது அதை நீக்கிவிடுவார்கள். அந்த இடத்தை நிரப்புவது செயலாக்கத்தின் பொறுப்பு. லாக்பேக்கின் ஜாரில் அதே பெயரில் ஒரு கிளாஸ் இருக்கும். ஜேவிஎம் சாதாரணமாகக் கிளாஸ்களை இணைப்பதுபோலவே இதையும் இணைத்துக்கொள்ளும். திரெட்டின் கிளாஸ்லோடரை நம்ப வேண்டியதில்லை, யூகம் இல்லை. எளிமையும் துணிவும் சேர்ந்த வடிவமைப்பு அது என்று இன்றும் மதிக்கிறேன்.

ஓஎஸ்ஜிஐயிலும் இது பொருந்திவந்தது, ஆனால் சற்று விசித்திரமாக. ஏபிஐயின் பண்டில் தன் மேனிஃபெஸ்ட்டில் செயலாக்கத்தின் பேக்கேஜை இம்போர்ட் செய்கிறது. லாக்பேக்கின் பண்டில் அந்தப் பேக்கேஜை எக்ஸ்போர்ட் செய்து, ஏபிஐயின் பேக்கேஜை இம்போர்ட் செய்கிறது. ஒன்றுக்கு மற்றது வேண்டும், மற்றதற்கு இது வேண்டும். பண்டில்களின் தேவைகளைப் பொருத்தி இணைக்கும் (ரிஸால்வ் செய்யும்) ஓஎஸ்ஜிஐயின் ரிஸால்வர் இந்த வட்டத்தை ஏற்றுக்கொள்ளும். வேறு சில செயலாக்கங்கள் ஃப்ராக்மென்ட் என்ற முறையில் வந்தன. ஃப்ராக்மென்ட் என்பது தனக்கெனக் கிளாஸ்லோடர் இல்லாமல் இன்னொரு பண்டிலோடு ஒட்டிக்கொள்ளும் துண்டு. ஏபிஐ பண்டில் ஏற்கெனவே ரிஸால்வ் ஆன பிறகு அந்தத் துண்டைக் கொண்டுவந்து நிறுவினால் அது ஒட்டாமல் போகலாம். அப்போது ரெஃப்ரெஷ் செய்து, அதாவது பண்டிலை மறுபடி ரிஸால்வ் ஆகவைத்தால்தான் ஒட்டும். ஒரு கணினியில் லாக் வரும், அதே நிறுவலைச் செய்த இன்னொரு கணினியில் வராது என்ற புகாரின் பின்னால் இந்த வரிசைக் குழப்பம் இருந்ததை ஒருமுறை கண்டேன். இரண்டு செயலாக்கங்கள் ஒரே பேக்கேஜை எக்ஸ்போர்ட் செய்தால், ஏற்கெனவே ரிஸால்வ் ஆனதற்கு முன்னுரிமை, பிறகு உயர்ந்த பதிப்பு, அதுவும் சமமென்றால் குறைந்த பண்டில் எண் என்பது விதி. விதி தெளிவானது; ஆனால் நிறுவும் வரிசை மாறினால் லாக் போகும் இடமும் மாறும் என்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இப்போது என் மௌனப் பண்டிலுக்குத் திரும்புகிறேன். அது எஸ்எல்எஃப்4ஜே ஏபிஐயைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது. எனவே அதன் லாகர்ஃபேக்டரி அந்தப் பண்டிலின் கிளாஸ்லோடரால் ஏற்றப்பட்டது. அந்த லாகர்ஃபேக்டரி ஸ்டாட்டிக்லாகர்பைண்டரைக் கேட்டபோது, கேள்வி அதே கிளாஸ்லோடரிடம் போனது. அது தன் உள்ளடக்கத்தைப் பார்த்தது, இல்லை. இம்போர்ட் பட்டியலைப் பார்த்தது, அதிலும் இல்லை. பக்கத்தில் லாக்பேக் பண்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் பயனில்லை. எஸ்எல்எஃப்4ஜே 1.6 பதிப்பிலிருந்து, பைண்டர் கிடைக்காவிட்டால் நிரலை முறிக்காமல், எதையும் எழுதாத ஒரு லாகரைக் கொடுத்துவிடும். பிழைச் செய்திகளுக்கான ஸ்டாண்டர்ட் எர்ரர் என்ற வெளியீட்டின் வழியே ஒரே ஒருமுறை எச்சரிக்கை எழுதும். எங்கள் சர்வரைச் சேவையாகத் தொடங்கும் ஸ்கிரிப்ட், ஸ்டாண்டர்ட் எர்ரரைக் குப்பைக்குத் திருப்பியிருந்தது. அந்த ஒரே எச்சரிக்கை எழுதப்பட்ட நொடியிலேயே காணாமல் போனது.

இந்த நடத்தை சரியா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஒரு நூலகத்தைப் பயன்படுத்துபவர் லாகிங் வேண்டாம் என்றால் அவர் நிரல் முறியக் கூடாது. அந்த வகையில் சரி. ஆனால் மாட்யூல் சூழலில் பைண்டர் கிடைக்காமல் போவது பெரும்பாலும் விருப்பத்தால் அல்ல, தவறான பொட்டலத்தால். அங்கே இந்த மென்மை தீங்காகிறது. அந்தப் பண்டில் ஏபிஐயைச் சுமந்துகொண்டே செயலாக்கத்தின் பேக்கேஜை மட்டும் வெளியிலிருந்து இம்போர்ட் செய்திருந்தால், லிங்கேஜ்எர்ரர் வந்திருக்கும். ஐலாகர்ஃபேக்டரி என்ற ஒரே வகைக்கு இரண்டு கிளாஸ்லோடர்கள் வெவ்வேறு கிளாஸ்களைக் காட்டுகின்றன என்று ஜேவிஎம் சத்தமாகச் சொல்லியிருக்கும். முதல் நாளிலேயே சிக்கல் தீர்ந்திருக்கும்.

ஏபிஐயும் செயலாக்கமும் சேர்ந்த பிறகும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது: கட்டமைப்புக் கோப்பு. லாக்பேக்கின் எக்ஸ்எம்எல் கோப்பில், லாக் வரிகளைச் சேர வேண்டிய இடத்தில் எழுதும் அப்பெண்டரின் கிளாஸ் பெயரை எழுதுகிறோம். அந்தப் பெயரைக் கிளாஸாக மாற்றுவது லாக்பேக்கின் பண்டில். நாம் சொந்தமாக எழுதிய அப்பெண்டர் நம் பண்டிலில் இருக்கிறது. லாக்பேக் பண்டில் நம் பேக்கேஜை இம்போர்ட் செய்திருக்க வாய்ப்பே இல்லை, அது எழுதப்பட்டபோது நம் நிரல் பிறக்கவே இல்லை. இதற்கு மூன்று வழிகளை முயன்றிருக்கிறேன். அப்பெண்டரை லாக்பேக்கோடு ஒட்டும் ஃப்ராக்மென்ட்டாகக் கட்டுவது எனக்கு மிகவும் பிடித்தது. யார் யாரோடு சேர்கிறார் என்பது மேனிஃபெஸ்ட்டில் எழுத்தாக இருக்கும். ஒரு பண்டில் இன்னொன்றின் கிளாஸ்களைப் பார்க்க இடம்கொடுக்கும், ஈக்வினாக்ஸுக்கே உரிய பட்டி பாலிசி என்ற ஏற்பாடும் வேலை செய்யும், ஆனால் ஓஎஸ்ஜிஐயின் இன்னொரு செயலாக்கமான ஃபீலிக்ஸ் மேல் ஓடாது. பேக்கேஜ்களை ஓடும் நேரத்தில் கேட்டு வாங்கும் டைனமிக்இம்போர்ட்-பேக்கேஜ் என்ற வரியில், எதுவானாலும் சரி என்று பொருள்படும் நட்சத்திரம் போட்டுவிட்டால் எல்லாம் தெரியும். மாட்யூல் எல்லைகளைக் கட்டிய காரணமும் அதோடு போய்விடும். அவசரத்துக்குப் போட்ட அந்த நட்சத்திரத்தைப் பிறகு யாரும் எடுப்பதில்லை என்பது என் அனுபவம்.

லாக்4ஜே 2 இன்னொரு பாதையில் போனது. 2014இல் நிலையான பதிப்பாக வந்த அது, தன் அப்பெண்டர்களையும், லாக் வரியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் லேஅவுட்களையும் பிளகின்களாகக் கருதி, கம்பைல் நேரத்திலேயே அவற்றின் பட்டியலை ஒரு டேட் கோப்பில் எழுதிவைக்கிறது. ஓஎஸ்ஜிஐயில் ஓடும்போது, பண்டில் தொடங்கும் நேரத்தில் இயங்கும் அதன் ஆக்டிவேட்டர் மற்ற பண்டில்களைக் கவனித்து இந்தப் பட்டியல்களைச் சேகரிக்கும். எந்த லாகர் எந்தக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்பதை, கூப்பிட்டவரின் கிளாஸ்லோடரை வைத்துத் தீர்மானிப்பது அதன் இயல்பு. பண்டிலை வைத்துத் தீர்மானிக்கும் தேர்வியும் உண்டு. மாட்யூல் உலகத்தைத் தொடக்கத்திலேயே யோசித்த வடிவமைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பல ஜார்களை ஒன்றாக நசுக்கிக் கட்டும்போது ஒரு டேட் கோப்பு மற்றதன் மேல் எழுதப்பட்டு, பாதிப் பிளகின்கள் காணாமல் போகும்.

ஓஎஸ்ஜிஐ மேல் கட்டப்பட்ட சர்வரான அப்பாச்சி கராஃப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை தெரியாது, ஏனென்றால் அது பேக்ஸ் லாகிங் என்ற நூலகத்தோடு வருகிறது. எஸ்எல்எஃப்4ஜே, காமன்ஸ் லாகிங், பழைய லாக்4ஜே ஆகியவற்றின் பேக்கேஜ்களையெல்லாம் பேக்ஸின் ஒரே ஏபிஐ பண்டில் எக்ஸ்போர்ட் செய்கிறது. எழுதும் வேலையை, ஓஎஸ்ஜிஐ சர்வீஸாக, அதாவது மற்றப் பண்டில்கள் கேட்டு வாங்கும்படி பொதுப் பதிவேட்டில் பதிவுசெய்யப்பட்ட பின்புலத்திடம் ஒப்படைக்கிறது. கிளாஸ்களைத் தேடாமல் சர்வீஸைக் கேட்பதால் கிளாஸ்லோடர் பிரச்சினைக்கே இடமில்லை. ஓஎஸ்ஜிஐ தன் கையில் ஏற்கெனவே வைத்திருந்த கருவியைக் கொண்டே தீர்த்த இந்தத் தீர்வுதான் நான் பார்த்தவற்றில் மிகச் செம்மையானது.

2022இல் நிலையான பதிப்பாக வந்த எஸ்எல்எஃப்4ஜே 2.0, ஸ்டாட்டிக்லாகர்பைண்டரை விட்டுவிட்டு, செயலாக்கங்களைக் கண்டுபிடித்துத் தரும் ஜாவாவின் சர்வீஸ்லோடருக்கு மாறியது. 2017இல் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல் முறையோடு ஒத்துப்போக இது தேவைப்பட்டது. அந்த முறையில் யார் வழங்குகிறார், யார் பயன்படுத்துகிறார் என்பதை மாட்யூல் அறிவிப்பிலேயே எழுதலாம். ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூல்களில் இருக்கவும் அது இடம்கொடுக்காது. ஆனால் சர்வீஸ்லோடர், வேறொன்று சொல்லாவிட்டால் திரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரைத்தான் பார்க்கும். ஓஎஸ்ஜிஐயில் பண்டில்களைத் தாண்டி அது தானாகப் பார்க்காது என்பதால், நடுவில் ஒரு மத்தியஸ்தர் வேண்டும். அப்பாச்சி ஏரிஸின் எஸ்பிஐ ஃப்ளை அப்படிப்பட்டது. புதிய எஸ்எல்எஃப்4ஜே பண்டில் தனக்கு இப்படி ஒருவர் வேண்டும் என்று மேனிஃபெஸ்ட்டில் ரிக்வையர்-கேப்பபிலிட்டி வரியில் எழுதியிருக்கிறது. 1.7ஐ எடுத்துவிட்டு 2.0ஐ வைத்த அன்று எங்கள் சர்வர் எழவே இல்லை; எஸ்எல்எஃப்4ஜே பண்டில், நிறுவப்பட்டும் ரிஸால்வ் ஆகாத இன்ஸ்டால்டு நிலையிலேயே நின்றது. கன்சோலில் டயக் கட்டளை கொடுத்ததும், எந்தத் தேவை நிறைவேறவில்லை என்பதை அது ஒரே வரியில் காட்டியது. எஸ்பிஐ ஃப்ளையை அது சார்ந்த பண்டில்களோடு சேர்த்து வைத்தோம், எழுந்துகொண்டது. மொத்தம் அரை மணி நேரம்.

எத்தனையோ மாதங்கள் நீடித்த மௌனத்தையும் இந்த அரை மணி நேரத்தையும் நான் அடிக்கடி பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டிலும் குறை ஒன்றுதான்: ஏபிஐக்குத் தன் மறு பாதி கிடைக்கவில்லை. இரண்டாவதில் தேவை மேனிஃபெஸ்ட்டில் எழுதப்பட்டிருந்ததால், ஒரு வரி நிரல் ஓடும் முன்பே ரிஸால்வர் தடுத்து நிறுத்திக் காரணமும் சொன்னது.

மௌனப் பண்டிலைச் சரிசெய்வதற்குச் சில நிமிடங்களே ஆயின. லிப் கோப்புறையை நீக்கி, பண்டில்-கிளாஸ்பாத் வரியை எடுத்துவிட்டு, எஸ்எல்எஃப்4ஜேயின் பேக்கேஜை இம்போர்ட் பட்டியலில் சேர்த்தேன். அன்றிரவு சரிபார்ப்பு வேலை மறுபடி நின்றது. ஆனால் இம்முறை லாக்கில் காரணம் இருந்தது. தரவுத்தள இணைப்பு ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டதால் இணைப்புகள் தீர்ந்துபோயிருந்தன. அடுத்த நாள், மென்பொருளைக் கட்டித் தயாரிக்கும் பில்டில் ஒரு சோதனை சேர்த்தோம்: லாகிங் ஏபிஐயின் கிளாஸ் கோப்புகள், அதற்குரிய பண்டிலைத் தவிர வேறு எந்த ஜாருக்குள்ளும், ஜாருக்குள் இருக்கும் ஜாருக்குள்ளும் இருந்தால் பில்ட் தோற்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே இன்னும் மூன்று பண்டில்கள் சிக்கின. அவற்றில் ஒன்றை எழுதியவன் நான்.

2021 டிசம்பரில் வெளியாள் தன் நிரலை நம் சர்வரில் ஓட்ட வழிவிட்ட, லாக்4ஜே 2இன் ஜேஎன்டிஐ பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, லாக்4ஜே எங்கெங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு உடனே விடை வேண்டியிருந்தது. பொதுவான பண்டிலை மாற்றுவது எளிது. யாரோ தன் பண்டிலுக்குள் பொதிந்துவைத்த பிரதியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அந்தப் பழைய சோதனையை எடுத்து, தேடும் கிளாஸின் பெயரை, ஓட்டை இருந்த ஜேஎன்டிஐலுக்அப் என்று மாற்றி, நிறுவப்பட்ட சர்வர்கள் அனைத்தின் மேலும் ஓட்டினோம். எங்கள் சொந்தப் பண்டில்களில் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வாங்கிப் போட்டிருந்த அறிக்கை தயாரிக்கும் பண்டில் ஒன்றில், ஜாருக்குள் ஜாராக, இருந்தது.